ட்ரிப்ஸ் இன்னும் விடலாமா? விரல் கிளிப்பின் மூன்றாவது எண்

கொரோனாவுக்குப் பிறகு பலர் வீட்டு அலமாரியில் ஒரு ஆக்சிமீட்டர் கிடக்கிறது. விரலில் மாட்டினால் இரண்டு எண் காட்டும். ஒன்று ஆக்சிஜன், இன்னொன்று நாடித்துடிப்பு. சில கிளிப்புகளில் மூன்றாவதாக ஓரத்தில் 'பிஐ' என்று ஒரு குட்டி எண்ணும் வரும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தக் குறிப்பு அந்த மூன்றாவது எண்ணையும், அது மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதை வைத்து ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற ஒரு கணக்கையும் பற்றியது.

வழக்கமான எச்சரிக்கை: நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். சிக்னல் பிராசசிங் பிடிக்கும் என்பதால் இதற்குள் போனேன். இங்கே இருப்பது படித்ததும் யோசித்ததும் மட்டும்தான், மருத்துவ ஆலோசனை இல்லை.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடலாம். எங்க பக்கம் உடம்பு அசதியாக இருந்தாலே "ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க டாக்டர்" என்று கேட்கிற பழக்கம் உண்டு. தண்ணீர்தானே, ஏறினால் நல்லதுதானே என்ற எண்ணம். ஆபரேஷன் மேஜையில் இதே கேள்வி சீரியஸாகிவிடுகிறது. நோயாளி பல மணி நேரம் சாப்பிடாமல் வந்திருப்பார். ரத்தம் போகும். மயக்க மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும், பிரஷர் இறங்கும். இறங்கிய பிரஷர் நீர் குறைவாலா, குழாய் தளர்ந்ததாலா, இதயம் சோர்ந்ததாலா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. நோயாளியோ மயக்கத்தில் இருக்கிறார், தாகம் எடுக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது.

குறைவாக விட்டால் முதலில் அடி வாங்குவது சிறுநீரகம். 2018-ல் வெளியான ரிலீஃப் என்ற ஆய்வு சுமார் 3000 பேரிடம் நடந்தது, எல்லாருக்கும் பெரிய வயிற்று ஆபரேஷன். ஒரு பாதிக்கு நீரைக் கட்டுப்படுத்தினார்கள். ஆபரேஷன் நேரமும் அடுத்த 24 மணி நேரமும் சேர்த்து சுமார் 3.7 லிட்டர். இன்னொரு பாதிக்குத் தாராளமாக, 6.1 லிட்டர். ஒரு வருஷம் கழித்து ஊனமில்லாமல் உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு கட்டுப்படுத்திய பக்கம் 8.6 சதவீதம், தாராளப் பக்கம் 5 சதவீதம்.

அப்படியானால் தாராளமாகவே விட்டுவிடலாமே? அதுவும் சரிவராது. 2011-ல் வந்த ஃபீஸ்ட் ஆய்வு கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்தது. வேகமாக நீர் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம். அப்படி ஏற்றாதவர்களில் 7.3. நல்லது என்று எல்லாரும் நம்பியிருந்த ஒன்று உயிரை எடுத்திருக்கிறது. அது ஆபரேஷன் சூழ்நிலை இல்லை, சரி. ஆனாலும் 'தண்ணீர்தானே' என்று நினைக்கிற மனதுக்கு அந்த ஆய்வு ஒரு நல்ல அடி. உடம்பில் மிஞ்சிய நீர் நுரையீரலிலும் குடல் சுவரிலும் தையல் போட்ட இடத்திலும் போய்த் தேங்குகிறது.

இது எனக்குப் புத்தக விஷயமாக மட்டும் தோன்றாததற்குக் காரணம் ஊர். 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பெயர் செய்திகளில் அடிபட்டது. கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் சிறுநீரகத்தை விலை பேசி வாங்கிய விவகாரம். அரசு விசாரணை வைத்தது. அதன் சட்டம், அரசியல் எல்லாம் வேறு கட்டுரை. எனக்கு ஓடிய யோசனை வேறு. ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கிற ஒருவர் பத்து வருஷம் கழித்து குடலிறக்கத்துக்கோ எலும்பு முறிவுக்கோ மேஜையில் படுப்பார். பழைய கதையை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படலாம். 8.6-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை.

ஈரோட்டில் மயக்க டாக்டராக இருக்கிற ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன், உடம்பில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளக்கக் கருவி இல்லையா சார் என்று. சிரித்தார். "ஏனுங்க, எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சு நான் என்ன பண்றது? இன்னும் 250 மில்லி விட்டா ஹார்ட் அதை எடுத்துப் பம்ப் பண்ணுமா, பண்ணாதா? அது தெரிஞ்சா போதும்."

கேள்வியே மாறிவிட்டது பாருங்கள். அளவு இல்லை, எதிர்வினை. இதயத் தசைக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே வரும் ரத்தம் அதை எவ்வளவு இழுத்து விரிக்கிறதோ, அவ்வளவு பலமாகச் சுருங்கும். ஒரு எல்லை வரைக்கும்தான். அதற்குப் பிறகு எவ்வளவு வந்தாலும் வெளியே தள்ளுவது கூடாது. ஃபிராங்க்–ஸ்டார்லிங் வளைவு என்பது இதுதான். முதலில் ஏற்றம், பிறகு சமதளம். ஏற்றத்தில் நிற்கிற இதயத்துக்கு நீர் விட்டால் பலன். சமதளத்தில் நிற்கிற இதயத்துக்கு விட்டால் வீக்கம் மட்டும்தான் மிச்சம். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் நீர் விட்டதும் இதய வெளியேற்றம் கூடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள்.

நெடுங்காலம் இதற்குக் கழுத்து வழியாகக் குழாய் விட்டு மைய சிரை அழுத்தத்தை அளந்து வந்தார்கள். 2008-ல் மாரிக்கும் அவர் குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நீர் விட்டால் பலன் உண்டா என்பதைக் கணிப்பதில் அந்த அழுத்தத்தின் மதிப்பெண் 0.56. காசைச் சுண்டிவிட்டாலே 0.5 கிடைக்கும்.

சரி, வளைவில் இதயம் எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொஞ்சம் ஆட்டிப் பார்க்கவேண்டும். அந்த ஆட்டலை வென்டிலேட்டர் இலவசமாகவே செய்துகொடுக்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு தடவை. நாம் இயல்பாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதால் அழுத்தம் கூடுகிறது. கூடியதும் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் கொஞ்சம் தடைபடும். இரண்டு மூன்று துடிப்பு கழித்து இடது பக்க இதயம் வெளியே தள்ளுவதும் குறையும். இதயம் ஏற்றத்தில் நின்றால் இந்தக் குறைவு நன்றாகத் தெரியும். சமதளத்தில் நின்றால் அலை பெரிதாக அசையாது.

எங்க பக்கம் கிணத்து மோட்டார் ஓட்டியவர்களுக்கு இது உடனே பிடிபடும். கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தால் குழாயில் ஒரே சீராகக் கொட்டும். மட்டம் கீழே போகப் போக விட்டு விட்டு வரும், குழாய் இருமுவது மாதிரி. கிணற்றை எட்டிப் பார்க்காமலே, வாய்க்காலில் விழுகிற தண்ணீரின் துடிப்பைப் பார்த்துத் தண்ணி கீழே போயிருச்சு என்று சொல்லிவிடுவார்கள். உவமை முழுக்கப் பொருந்தாது. மோட்டார் இருமுவது காற்று இழுப்பதால், இதயத்தில் அப்படி நடந்தால் ஆள் காலி. ஆனால் 'வெளியே வருவதன் ஏற்ற இறக்கத்தை வைத்து உள்ளே இருக்கிற நிலையை ஊகிப்பது' என்ற தந்திரம் ஒன்றுதான்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தமனிக்குள் ஊசி வைத்து அளக்கலாம். 2000-ல் ஃபிரான்ஸில் மிஷாரும் சகாக்களும் 40 நோயாளிகளிடம் இதைக் காட்டினார்கள். மூச்சோடு நாடி அழுத்தம் மாறுவது 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நீர் விட்டதற்குப் பலன் இருந்தது, கணிப்பும் மிகத் துல்லியம். ஆனால் சின்ன ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷனுக்கு வருகிற எல்லாருக்கும் தமனியில் ஊசி குத்திவைக்க முடியாது. இந்த இடத்தில்தான் விரல் கிளிப் வருகிறது.

கிளிப்புக்குள் நடப்பது எளிமையானது. ஒரு பக்கம் இரண்டு எல்இடி, சிவப்பு சுமார் 660 நானோமீட்டர், அகச்சிவப்பு சுமார் 940. எதிர்ப்பக்கம் ஒரு ஒளி உணரி. விரலுக்குள் போகிற ஒளியில் பெரும்பகுதியைத் தோல், தசை, எலும்பு, சிரை ரத்தம் எல்லாம் விழுங்கிவிடும். அந்தப் பகுதி துடிப்புக்குத் துடிப்பு மாறாது. இதயம் துடிக்கும்போது விரலுக்குள் புதுசாக வந்து நிரம்பும் தமனி ரத்தத்தால் மட்டும் ஒரு சின்ன அலை வரும், மொத்த ஒளியில் ஒன்று இரண்டு சதவீதம்தான். அலையின் உயரத்தை மாறாத பகுதியால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பதுதான் அந்த 'பிஐ'. அது மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து, அதிகபட்சத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் பிவிஐ. ஒரு மூச்சுச் சுற்றில் பிஐ 2.0-லிருந்து 1.6 வரை இறங்கினால் பிவிஐ 20 சதவீதம். இவ்வளவுதான் கணக்கு, பத்தாங்கிளாஸ் பையன் கோடு எழுதிவிடுவான். இதை மானிட்டரில் தானாக வரவைத்தது மாசிமோ என்ற அமெரிக்க நிறுவனம்.

இந்தக் கருவியின் பூர்வீகக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் தகுவோ அயோயாகி என்ற இன்ஜினியர். அவர் ஆக்சிஜனை அளக்கக் கிளம்பவே இல்லை. இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதை, ரத்தத்தில் சாயம் செலுத்தி, காதில் ஒளி பாய்ச்சி அளக்கப் பார்த்தார். சாயத்தின் வளைகோட்டின் மேல் நாடித்துடிப்பு ஏறி உட்கார்ந்து கெடுத்தது. துடிப்பை ரத்து செய்ய இரண்டு நிற ஒளியை எடுத்து ஒன்றை இன்னொன்றால் சரிக்கட்டிப் பார்த்தார். சரிக்கட்டினது ஆக்சிஜன் அளவு மாறியதும் மறுபடி கெட்டது. தொல்லை கொடுத்த துடிப்புக்குள்ளேயே ஆக்சிஜன் அளவு இருக்கிறது என்று அப்போது அவருக்குப் புரிந்தது. 1974-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. அயோயாகி 2020 ஏப்ரலில் காலமானார், உலகம் முழுக்க அவர் கருவியைத் தேடி அலைந்த அதே நேரத்தில்.

அதற்குப் பிறகு அதே கருவியில் மூச்சினால் வரும் ஆட்டம் தொல்லையாகிப்போனது. ஆக்சிஜன் எண் ஸ்திரமாக வரவேண்டுமே, அதனால் வடிகட்டினார்கள். 1987-லேயே பார்ட்ரிட்ஜ் என்பவர் இந்த ஆட்டத்துக்கும் உடம்பின் நீர் நிலைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எழுதிவிட்டார். பெரிய கவனம் கிடைக்க இன்னும் இருபது வருஷம் ஆனது. அயோயாகி முதலில் தேடிப்போன கேள்வி, இதயம் எவ்வளவு தள்ளுகிறது என்பது. அது வேறு உருவத்தில் அவர் கருவிக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஒரு சாஃப்ட்வேர் ஆளாக எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான மானிட்டரில் அந்த அழகான அலை எப்போதும் ஒரே உயரத்தில் ஓடும். காரணம் ஆட்டோ கெயின். சிக்னல் சின்னதானால் மென்பொருள் தானாகவே பெரிதாக்கித் திரையை நிரப்பிவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நமக்கு வேண்டிய தகவலே உயரம் மாறுவதில்தான் இருக்கிறது! திரை வடிவமைத்தவருக்கு அது அலங்கார அலை, டாக்டருக்கு அது அளவீடு. இந்த மாதிரி இடத்தில் டீஃபால்ட் செட்டிங் ஒரு மருத்துவ முடிவாகவே மாறிவிடுகிறது.

பலன் உண்டா? 2008-ல் லியோனில் கனெசோன் குழு மயக்கத்தில் இருந்த 25 பேரிடம் சோதித்தது. பிவிஐ 14 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு நீர் விட்டால் பலன் என்று பிரித்ததில், பலன் கிடைக்கப்போகிறவர்களில் 81 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது. பலன் இல்லாத ஒருவரையும் தவறாகச் சேர்க்கவில்லை. 25 பேர் என்பது ரொம்பச் சின்ன எண், அதை மனதில் வையுங்கள். 2010-ல் ஃபோர்ஜே குழு வயிற்று ஆபரேஷன் செய்த 82 பேரில் ஒரு பகுதிக்கு பிவிஐ பார்த்து நீர் விட்டது. அவர்களுக்குச் செலவான நீரும் குறைவு, ரத்தத்தில் லாக்டேட்டும் குறைவு. உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாதபோது கூடுகிற பொருள் அது, குறைந்தால் நல்லது. பிறகு 2020-ல் ஃபிரான்ஸிலிருந்து பெரிய ஆய்வு ஒன்று வந்தது, இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் செய்த 400-க்கும் மேற்பட்டவர்கள். பிவிஐ பார்த்து விட்டாலும் வழக்கப்படி விட்டாலும் ஆஸ்பத்திரியில் தங்கிய நாள் ஒன்றுதான்.

என் கணிப்பு இது: எண் பொய் சொல்லவில்லை. ஆபத்து குறைவான ஆபரேஷனில் அனுபவமுள்ள டாக்டர் ஏற்கெனவே சரியாகத்தான் விடுகிறார், அங்கே எண் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. ரத்தம் போகிற பெரிய ஆபரேஷனில், சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களிடம்தான் இது உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிபந்தனைகள் வேறு ஏகப்பட்டது. நோயாளி முழுக்க வென்டிலேட்டரில் இருக்கவேண்டும். ஒரு மூச்சுக்குப் போகிற காற்று உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லியாவது இருக்கவேண்டும். இன்றைக்கு நுரையீரலைக் காப்பாற்ற 6 முதல் 8 வரைதான் பலர் வைக்கிறார்கள், ஆட்டும் கை மெலிந்தால் ஆட்டமும் மெலியும். இதயத்துடிப்பு ஒழுங்காக இருக்கவேண்டும், தாளம் தப்பினால் ஏற்ற இறக்கம் மூச்சால் வந்ததா, தப்பிய தாளத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. நெஞ்சைத் திறந்த ஆபரேஷனில் வேலைக்கு ஆகாது. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் காஸ் நிரப்பினால் வரம்பு எண்ணே மாறிப்போகும். கை ஜில்லிட்டுப் போனாலோ, பிரஷர் ஏற்ற மருந்து ஓடினாலோ விரலின் ரத்தக் குழாய் சுருங்கி அலை மெலியும். ஏசி தியேட்டரில் இது தினசரி சங்கதி. 14 என்பதும் கத்தியால் வெட்டிய கோடு இல்லை, நடுவில் இரண்டு பக்கமும் சொல்ல முடியாத சாம்பல் பகுதி ஒன்று இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எண் உயர்ந்திருக்கிறது என்றால் 'விட்டால் இதயம் எடுத்துக்கொள்ளும்' என்று மட்டும்தான் அர்த்தம். 'விடவேண்டும்' என்று அர்த்தம் இல்லை. ஆரோக்கியமாக இருக்கிற நம் இதயமும் அந்த ஏற்றத்தில்தான் நிற்கிறது, அதற்காக நாம் யாரும் ட்ரிப்ஸ் போட்டுக்கொள்வதில்லையே.

தோல் நிறம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். 2020 டிசம்பரில் ஷோடிங் குழு அமெரிக்காவில் வெளியிட்ட கணக்குப்படி, ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் ரத்த ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6. ஆக்சிஜன் எண் கிடைப்பது இரண்டு நிற ஒளியின் விகிதத்தை ஒரு அனுபவ அட்டவணையோடு ஒப்பிட்டு. அட்டவணை தயாரிக்கும்போது யார் விரலை வைத்தார்கள் என்பது முக்கியம். இந்த அட்டவணையே வேண்டாம் என்று சென்னை ஐஐடியில் அசோக ரெட்டி, பாபி ஜார்ஜ், ஜகதீஷ் குமார் குழு 2009 வாக்கிலேயே ஒரு முறையை வெளியிட்டது, ஆளுக்கு ஆள் மாறும் அம்சங்கள் கணக்கிலேயே அடிபட்டுப் போகிற மாதிரி. பிவிஐக்கு இந்தத் தொல்லை குறைவாக இருக்கும் என்பது என் வாதம். ஒரே அகச்சிவப்பு ஒளி, மெலனின் அதைக் குறைவாகத்தான் உறிஞ்சும். அலையையும் அடித்தளத்தையும் ஒரே அளவில் மங்கச் செய்வதால் வகுக்கும்போது நீங்கிவிடும். மிச்சம் இருக்கிற சிக்கல் மங்கிய ஒளியில் இரைச்சல் கூடுவது.

வீட்டு கிளிப்பை மாட்டி, பிஐ ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்கு நீர்ச்சத்து குறைவா என்று பார்க்கலாமா? முடியாது. நீங்கள் சுயமாக மூச்சு விடுகிறீர்கள், ஒவ்வொரு மூச்சும் வேறு ஆழம். அழுத்தம் மாறும் திசையே தலைகீழ். பக்கத்தில் யாராவது கத்தினாலே விரல் ரத்தக் குழாய் சுருங்கி எண் விழும். வயிற்றுப்போக்கு என்றால் நாக்கு வறட்சி, சிறுநீர் நிறம், எழுந்து நின்றால் தலைசுற்றல் பாருங்கள். ஓஆர்எஸ் கரைத்துக் குடியுங்கள், நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிக்னலை மட்டும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: மேக்ஸ்30102 என்ற குட்டி சென்சார் ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும், ஆர்டுயினோவோடு இணைத்துவிடலாம். அகச்சிவப்பு சேனலை மட்டும் எடுங்கள், விநாடிக்கு 100 மாதிரி போதும். கையை மேஜையில் வைத்து அசைக்காமல், விநாடி எண்ணி ஒரே ஆழத்தில் மெதுவாக மூச்சு விடுங்கள். முதல் வேலையாக ஃபில்டர் போட்டு அடித்தளத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதால்தான் வகுக்கவேண்டும். ஒவ்வொரு துடிப்பின் உயரத்தையும் தனியாக எடுத்துக் கோடு போட்டால், துடிப்புகளுக்கு மேலே இன்னொரு மெதுவான அலை மூச்சின் வேகத்தில் போவது தெரியும். வரைபட லைப்ரரியில் ஆட்டோ ஸ்கேலை அணைத்துவிட்டுப் பாருங்கள்.